பால்குடிக்கும் பிள்ளை பார்வையாளரா?

மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள ஹனூர், 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்த கொள்ளேகால் பகுதியைச் சேர்ந்தது. அங்கே ஒரு தாய்க்குப் பெரிய சிகிச்சை தேவையெனில் மைசூர்வரை செல்ல நேரலாம். கைக்குழந்தையும் உடன் வரலாமா என்பதே அப்போது எழும் முதற் கேள்வி.

‘குழந்தைக்கு நோயில்லை, எனவே இங்கே அதற்கு இடமில்லை’ என்று விதி கூறும். நோய்த்தொற்றிலிருந்து சேயைக் காக்கும் எண்ணமும் அவ்விதியில் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பாலூட்டாத தாய்க்கு மார்பில் பால் கட்டும். வலியும் காய்ச்சலும் காணும். நாளடைவில் சுரப்பும் குன்றும். சேயைப் பிரிப்பது தாயின் நோயோடு இன்னொரு நோயைச் சேர்ப்பதாகும்.

பிறந்த சேய் இரவும் பகலும் தாயருகே இருக்க வேண்டுமென்று, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991-இல் தொடங்கிய ‘குழந்தை நேய மருத்துவமனை’ இயக்கம் வலியுறுத்தியது. 2020-இல் கொரோனா பரவியபோதும், முகக்கவசம் அணிந்து, கைகளைத் தூய்மை செய்து தாய் பாலூட்டலாம் என்றே அந்நிறுவனம் அறிவுறுத்தியது. அவ்வாறிருக்க, குடல்வால் அறுவை முடிந்து படுத்திருப்பவளிடமிருந்து சேயைப் பிரிப்பது எதன்பொருட்டு? புற்றுநோய் மருந்தோ கதிரியக்க மருந்தோ பெறுபவள் பாலூட்டலாகாது. அங்கே மறுப்பதும் அன்பே. மற்ற இடங்களில் பிரிவுக்குக் காரணம் பெரும்பாலும் நிர்வாக வசதிதான்.

நோயாளியிடம் சிவனைக் கண்டு தொண்டு புரிபவர், அவள் மடியில் இருப்பவரையும் காண வேண்டாமா? பாட்டியோ சித்தியோ உடனிருந்து குழந்தையைக் கவனித்தால் செவிலியருக்குச் சுமை கூடாது. அவருக்குக் கட்டிலருகே ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.