‘போதும்’ என்னும் சொல்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் முதியவர் ஒருவர் கடுநோய்க்கு ஆளானால், மருத்துவத்தோடு கடலும் ஒரு பிரச்சினையாகிறது. தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனை, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் உள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை. அங்கு இயலாத சிகிச்சைக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் கடந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ செல்ல வேண்டும். தெற்கே கிரேட் நிக்கோபாரில் வாழ்பவருக்கோ ஸ்ரீ விஜயபுரமே தொலைதூரம்.

இந்நிலையில், “போதும், வாழ்ந்தாயிற்று, என்னை இங்கேயே விடுங்கள்” என்று சொல்லும் முதியவர் உண்டு. கேட்பவர் அதைப் பற்றின்மை என்று போற்றுகின்றனர். அது பற்றின்மைதானா? உடல்மீது பற்று அகன்றவரும் அவ்வாறு கூறுவார். மகனின் சேமிப்பு கரைந்துவிடுமே என்று அஞ்சுபவரும் அதே சொற்களைத்தான் கூறுவார். முன்னது விடுதலை, பின்னது குடும்பப் பாசமே துறவு வேடம் பூண்டு நிற்பது. இவற்றைப் பிரித்தறியச் செலவை விலக்கிவிட்டு மீண்டும் கேட்க வேண்டும்.

இன்று அது ஓரளவு இயலும். 2024 அக்டோபர் 29 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வருமான வரம்பின்றி 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும். தீவில் பெற்ற அட்டை சென்னையிலும் செல்லும். மத்திய அரசின் வேறு மருத்துவத் திட்டத்தில் உள்ள ஓய்வூதியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய அட்டையில் வெளிநோயாளிச் செலவு அடங்காது. எனவே நாள்தோறும் மருந்துண்பவர் அவசரப்பட்டு மாறுதல் தகாது.

சிலருக்கு இவ்வட்டை யாசகமாகத் தோன்றுகிறது. நலமாயிருப்பவர் நோயுற்றவரின் பாரத்தைப் பகிர்வதே காப்பீடு. நேற்றுவரை வரி செலுத்திப் பாரம் சுமந்தவர் இன்று இறக்கி வைப்பதில் இழிவு ஏது? கொடுப்பதில் மட்டும் பெருமை காண்பதும் அகந்தையின் ஒரு வடிவமே.

ஆயினும் உடன் செல்பவரின் பயணம், தங்குமிடம், இழந்த ஊதியம் ஆகியவற்றை அட்டை ஏற்பதில்லை. அவற்றைக் குடும்பம் வெளிப்படையாகக் கணக்கிட்டு, “இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்; உங்கள் விருப்பம் என்ன?” என்று கேட்க வேண்டும். அப்போதும் “போதும்” என்றால் அச்சொல்லை மதிப்பது பிள்ளைகளின் கடமை. மீளும் நம்பிக்கையற்ற நிலையில் உயிர்நீட்டிப்புச் சிகிச்சையை மறுக்க முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. தெளிந்த மனத்துடன், இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் அதற்குச் சான்று பெறலாம்.