மோதினாரின் பெயர் என்ன?



நம்மூர்ப் பள்ளியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பாங்கு சொன்ன பெரியவர் சென்ற மாதம் வஃபாத்தானார். சுபுஹுக்கு வெகு முன்பே எழுந்து ஹவுளுக்குத் தண்ணீர் இறைப்பார். பாய்களை உதறி விரிப்பார். ஊரில் ஒரு மவுத்து என்றால் சந்தூக்கைக் கழுவித் துடைத்து எடுத்து வைப்பவரும் அவரே. அவர் மனைவி பெண் மையித்துகளைக் குளிப்பாட்டி வந்தார். சம்பளமோ, சொல்ல நாம் கூச வேண்டிய தொகை. அதைக்கொண்டே மூன்று பெண்மக்களை ஓதவைத்து நிக்காஹ் செய்து கொடுத்தார்.

அடக்கம் முடிந்து ஜமாஅத்துப் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தோம். "பெயர்?" என்று எழுதுகிறவர் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நமக்கு அவர் 'மோதினார் பாய்'. அவ்வளவுதான். கடைசியில் ஒரு சிறுவனை அவர் வீட்டுக்கு அனுப்பித்தான் கேட்டு எழுதினோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவும் சிற்றூர்தான். அவர்களுடைய பள்ளிக்குப் பேரீச்ச மரமே தூண், அதன் மட்டையே கூரை. மழை பெய்தால் ஒழுகும். அந்தப் பள்ளியைப் பெருக்கிவந்த கறுப்பு நிறப் பெண்மணியின் வரலாற்றைப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். உம்மு மிஹ்ஜன் என்பது அவர் பெயர் என்று பைஹகீயின் அறிவிப்பில் வருகிறது. அவரைக் காணாமல் நாயகம் விசாரித்தபோது, இறந்துவிட்டார் என்று ஸஹாபாக்கள் சொன்னார்கள். அவருடைய விஷயத்தை அவர்கள் சாதாரணமாக எண்ணிவிட்டார்கள் போலும் என்று ஹதீஸிலேயே இருக்கிறது. எனக்கு அறிவித்திருக்கக் கூடாதா என்று கேட்டு, கபுரைக் காட்டச் சொல்லி, அங்கே நின்று அவருக்காகத் தொழுதார்கள்.

இந்த அளவில் பயான்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். இதையொத்த நிகழ்ச்சி ஒன்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உண்டு. அங்கே ஓர் ஏழைப் பெண் நோயுற்ற செய்தி முதலிலேயே நாயகத்தை எட்டிவிடுகிறது. ஏழைகளை நலம் விசாரிக்கப் போவது அவர்களின் வழக்கமாக இருந்தது என்றும் அதில் வருகிறது. கபுரடியில் தொழுததை நினைவில் வைத்திருக்கும் நாம், உயிரோடிருந்தபோது விசாரித்ததை மறந்துவிடுகிறோம்.

நாயகம் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டார் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றார்கள் அன்னையார். நம் மோதினாரும் அப்படித்தான் வாழ்ந்தார். நாம்தான் அறியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் சுபுஹு பாங்கு பத்து நிமிடம் பிந்தியது. அவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டோம். "கொஞ்சம் அசந்துட்டேன், மாப்பு செஞ்சுக்குங்க" என்றார். அன்றிரவு அவர் மனைவிக்குக் கைகால் விழுந்து, விடியும்வரை அவர் பக்கத்திலேயே இருந்த செய்தி நமக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றுமுதல் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வந்திருக்கிறார்.

நீண்டகாலம் பணியாற்றிய உலமாக்களுக்கும் மோதினார்களுக்கும் அரசு ஓய்வூதியம் தரும் திட்டம் தமிழகத்தில் 1981-இலேயே வந்தது. அவருக்காக ஒரு மனு எழுதித்தர நம்மில் எவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் நிறைந்த மஹல்லா என்று பெயர் வேறு!

இப்போது ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. அவர்கள் குடியிருக்கும் வீடு பள்ளிக்குச் சொந்தமானது; புதிய மோதினாருக்கு அது வேண்டுமாம். அந்த அம்மா இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதமும் பத்து நாளும் கணவன் வீட்டிலேயே இருக்க வேண்டியவர். கணவரை இழந்த ஃபுரைஆ (ரலி) அவர்களை, தவணை முடியும்வரை அதே வீட்டில் இருக்கும்படி நாயகம் பணித்தார்கள். அந்த வீடும் அவர் கணவருக்குச் சொந்தமானதல்ல. ஆகவே அதுவரை யாரும் வாய்திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு என்ன என்பதைத்தான் வரும் ஜும்ஆவுக்குப்பின் கூடிப் பேச வேண்டும்.

நாம் நேரில் போய் அந்த அம்மாவைப் பார்ப்பது முறையல்ல. நம் வீட்டுப் பெண்கள் இன்று அஸருக்குப்பின் போகிறார்கள். அவர்களில் பலருடைய தாய்மாரைக் கடைசியாகக் குளிப்பாட்டியவர் அவர். என்ன தேவை என்று விசாரிப்பதோடு, அவர் பெயரையும் கேட்டுவரச் சொல்லியிருக்கிறோம்.