ஒட்டகமும் கயிறும்

வாலிபன் ஒருவன் விபத்தில் மாண்டால், "அவன் ஆயுள் அவ்வளவுதான்" என்கிறோம். ஆயுளை அளப்பவன் அல்லாஹ் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடையில் திருட்டுப் போனால் மட்டும் விதியென்று சும்மா இருக்கிறோமா? பூட்டியது யார், சாவி யாரிடம் இருந்தது என்று குடைந்தெடுக்கிறோம்!

உலகெங்கும் 5 முதல் 29 வயது வரையுள்ளோர் இறப்பதற்கு முதற்காரணம் சாலை விபத்தே என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயன்று.

2013 டிசம்பர் 8-ஆம் தேதி, ஞாயிறு இரவு, நம் சிராங்கூன் வட்டாரத்தில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் பஸ்ஸின் அடியில் சிக்கி மாண்டார். வயது 33. கலவரம் மூண்டது. அவர் குடித்திருந்தாரென விசாரணையில் தெரிந்தது; 2015-ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. குடி ஹராம், அதில் வாதமில்லை. ஆனால், குடித்தவனுக்கு வந்த வினை என்று கணக்கை மூடிவிடுவது நமக்கு ரொம்பவும் சௌகரியமாகப் போய்விட்டது.

2021 ஏப்ரல் 20 அன்று விடிகாலை, தீவு விரைவுச்சாலையில் 17 தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த வண்டியில் மோதியது. இருவர் மாண்டனர். அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களை என்ன சொல்வது?

காரின் பின்னாசனத்தில் இருப்பவரும் பெல்ட் கட்டவேண்டுமென்பது இங்கே சட்டம். லாரியின் பின்தட்டில் இருப்பவனுக்குக் கட்ட பெல்ட்டே இல்லை. சட்டமும் அதை அனுமதிக்கிறது. தடைசெய்யலாமென்ற பேச்சு எழுந்தபோது, செலவு தாங்காதென்று 2023-ல் வர்த்தகச் சங்கங்கள் பல கூறின. அதில் பொய்யில்லை. ஆயினும், சட்டம் விட்டுவைத்ததெல்லாம் ஆகுமானதாகிவிடுமா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன நபிமொழியை நாமெல்லாம் அறிவோம். அது ஒட்டகத்துக்கு உடையவரிடம் சொல்லப்பட்டது. லாரியின் பின்னால் குந்தியிருக்கும் பையன் கையில் எந்தக் கயிறு இருக்கிறது? ஏறமாட்டேனென்றால் வேலை போகும், பெர்மிட்டும் போகும், ஊரில் கடன் நிற்கும். கயிறு பெட்டியடியில் இருப்பவர் கையில்.

நம்மில் பலருக்கும் சரக்கு லாரி உண்டு. டிரைவர் பக்கத்தில் இருவர் உட்காரலாம். மற்றவர்களை ரயிலிலோ பஸ்ஸிலோ அனுப்பி, கட்டணத்தைக் கடைச் செலவில் எழுதலாம். விடியுமுன் கிளம்பும் நாட்களுக்கு மட்டும் வேன் பேசவேண்டியிருக்கும். வாடகை கையைக் கடிக்கத்தான் செய்யும்.