விரலும் சாட்சி சொல்லும்!



2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் செல்போன்களில் பரவின. கோவை, திருப்பூரில் உழைத்த ஏழைகள் பலர் அஞ்சி ஊருக்கு ரயிலேறினர். பரப்பியவர்கள் எல்லோருமா தீயவர்கள்? விசாரிக்காமல் அனுப்பிய நல்லவர்களும் உண்டல்லவா?

தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்தறியுமாறு ஹுஜுராத் சூராவின் 6ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகின்றான். கேட்டதையெல்லாம் பிறரிடம் சொல்வதே ஒருவன் பொய்யனாகப் போதுமென நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

'நானாகச் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்று தப்ப இயலாது. மறுமையில் வாய் முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும் என்கிறது, நாம் ஓதும் யாஸீன் சூரா. அனுப்பிய விரல் அந்தக் கையில்தானே இருக்கிறது!

ஆகவே, உறுதியாகாத செய்தி உங்களோடு நிற்கட்டும். பொய்யை அனுப்பியிருந்தால், பெற்றவர்கள் அனைவருக்கும் உண்மையையும் அனுப்புங்கள்.

அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் அருள்வானாக! ஆமீன்.