செவி பெற்ற நகரம்: ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருள் ஒரு பயன் கருதி மக்களின் இசைவுடன் அமைக்கப்படுகிறது. பின்னர் அது வேறொரு பயனையும் தரவல்லது எனத் தெரியவருகிறது. முன்னர் அளித்த இசைவு பின்னைய பயனுக்கும் செல்லுமா? திறன்மிகு நகரங்களின் நிலத்தடியிற் கிடக்கும் ஒளியியல் நார் வடங்கள் இவ்வினாவை இன்று எழுப்பி நிற்கின்றன.

தூய கண்ணாடி நாரினூடே செய்தியை ஒளியாக நெடுந்தூரம் அனுப்பலாம் என்பதை 1966 இல் சார்ள்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும் எடுத்துக்காட்டினர். 1970 இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அதற்கேற்ற நாரை உருவாக்கினர். செய்தியைச் சுமப்பதே அந்நாரின் கடமையாயிருந்தது. ஆயினும், நாரினுட் செல்லும் ஒளியின் சிறுபகுதி சிதறி, வந்த வழியே மீள்கின்றது. நார் இம்மியளவு நீண்டாலும் சுருங்கினாலும் மீளும் ஒளி வேறுபடும். ஆகவே, வீதியில் வாகனம் செல்லும்போதும் அருகே மண் அகழப்படும்போதும் எழும் அதிர்வுகளை அவ்வொளி கொண்டு அறியலாம். பேச்சைக் கொண்டுசெல்ல இட்ட வடம் இவ்வாறு செவியாகவும் மாறுகின்றது.

இவ்வழி குவியும் தரவுகளை மனிதர் இருந்து வாசித்து முடித்தல் இயலாது. செயற்கை நுண்ணறிவு அப்பணியை மேற்கொள்கின்றது. அகழ்பொறியின் அதிர்வையும் பேருந்தின் அதிர்வையும் அது பிரித்தறியும். வடம் அறுபடுமுன் எச்சரிக்கவும் உதவும். கலிபோர்னியாவின் பசடீனா நகரிற் பயன்படாது கிடந்த நார்கள் நிலநடுக்க ஆய்வுக்கு உதவின. 2020 சனவரி முதலாந் திகதி அங்கு நடந்த ரோஜா ஊர்வலத்தின் அலங்கார ஊர்திகளும் வாத்தியக் குழுக்களும் அந்நார்களிற் பதிவாயின.

உயிர் காக்கவல்ல இத்தகைய ஆற்றலை வெறுத்தொதுக்குதல் அறிவுடைமையாகாது. எனினும், ஊர்வலத்திற் செல்வோர் பிறர் காணவே செல்கின்றனர். நள்ளிரவில் தனித்து வீடு திரும்புபவர் அவ்வாறல்லர். அதிர்வுக்குப் பெயரில்லை, ஆதலால் எவர்க்கும் தீங்கில்லை என்று சிலர் வாதிப்பர். இவ்வாதம் பதிவை மட்டுமே நோக்குகின்றது. அதனை வாசிக்கும் பொறியின் வளர்ச்சியை நோக்கவில்லை. இன்று பொருளற்றுத் தோன்றும் அதிர்வு, நாளை வேறு பதிவுகளுடன் இணைக்கப்பட்டால், நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே வாயிலில் நிற்கும் ஒருவரைச் சுட்டக்கூடும். பதிவு மாறாதிருக்க, அதன் பொருள் மாறிவிடுகின்றது. வருங்காலத்தில் எவ்வாறு வாசிக்கப்படும் என்று அறியாத ஒன்றுக்கு எவரும் முழுமனதுடன் இசைவளித்தல் இயலாது.

ஒற்றாடலை அரசியலின் ஓர் அங்கமாகக் கொண்ட வள்ளுவரும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனால் ஒப்புநோக்கவேண்டும் என விதித்தார். பொறியின் கூற்றுக்கும் அந்நெறி பொருந்தும். பொறி பிழைத்தால் அதன்மீது பழி சுமத்துவதாற் பயனில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட மனிதர் ஒருவர் அதன் பின்னே இருத்தல் வேண்டும்.

எனவே, புதிய பயன் தோன்றுந்தோறும் மக்களின் இசைவு புதிதாகப் பெறப்படல் வேண்டும். கருதிய பயன் நிறைவுற்றதும் பதிவு அழிக்கப்படல் வேண்டும். கேட்க அறிந்த நகரத்துக்கு மறக்கவும் கற்பித்தல், அதனை அமைப்போரின் கடனாகும்.