பிரிக்காத கட்டு

முதல் தடவை 85-ஆம் கேள்வியோடு தேர்வு நின்றது. இரண்டாம் தடவை 150 கேள்வி வரை போனது. மூன்றாம் தடவையும் 150. மூன்றுக்கும் முடிவு ஒன்றுதான்: ஃபெயில்.

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் ராத்திரி ரயிலேறி, சென்னையில் தேர்வு மையத்து லாக்கரில் பையைப் பூட்டி, உள்ளங்கையை ஸ்கேனருக்கு நீட்டி, ஐந்து மணி நேரம் வரை உட்கார வேண்டிய தேர்வு. கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னும் 150. என் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் பற்றாது. தோற்றால் 45 நாள் காத்திருந்து, மறுபடி முழுப் பணமும் கட்டி எழுத வேண்டும். மூன்றாம் தடவைக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

“ரிசல்ட் இன்னும் வரல” என்று வார்டில் பொய் சொல்லித் திரிந்தேன். டீ கொண்டு வரும் அக்காகூட, “அமெரிக்கா எப்போ சிஸ்டர்?” என்று கேட்பார். எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். நான் ஐ.வி. போடக் கற்றுக்கொடுத்த பிள்ளை ஒருத்தி முதல் தடவையிலேயே பாஸாகி, லட்டு டப்பாவோடு வந்தாள். ஒன்றுக்கு இரண்டாக எடுத்துத் தின்றேன், என் முகத்தை யாரும் கவனிக்கக் கூடாதென்று.

தோற்றவர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்புவார்கள். நான் அதைத் திறந்ததே இல்லை. ஃபெயில் என்று தெரிந்த பிறகு அதில் பார்க்க என்ன இருக்கிறது? மெயிலில் அப்படியே கிடந்தது. அடுத்த நாளே மருந்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். டிகாக்சின், வார்ஃபரின், லித்தியம் என்று பஸ்ஸிலும் நைட் டூட்டியிலும் உருப்போட்டேன். என்னைப் போல் உழைத்தவர் யாரும் இருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போது எங்கள் வார்டில் சர்க்கரை நோய்க் கால் புண்ணோடு ஒரு பாட்டா இருந்தார். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி மழுங்கிவிடும். ஆணி குத்தினாலும் வலித்துச் சொல்லாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அதனால் ஒரு நாள் சொன்னேன்: “பாட்டா, ஒரு தடவ பாருங்க. வீட்டுக்குப் போன பொறவு நீங்கதானே பாக்கணும்?”

“பாத்தா மனசு விட்டுப் போவும் சிஸ்டர்.”

“பாக்கலன்னா காலே போயிரும் பாட்டா.”

சொல்லிவிட்டுப் பழைய காஸ் துணியை சலைன் விட்டு நனைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டிக்கொண்ட துணி மெல்ல ஊறி வரும் அந்த இரண்டு நிமிஷத்தில், மெயிலில் கிடக்கும் மூன்று அறிக்கைகளும் நினைவுக்கு வந்தன.

டூட்டி முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே திறந்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே, தேர்ச்சி அளவுக்கு மேல், அருகில், கீழ் என்று போட்டிருந்தது. மருந்துப் பகுதி முதல் தடவை ‘அருகில்’, அடுத்த இரண்டு தடவையும் ‘மேல்’. பராமரிப்பு மேலாண்மை மூன்று தடவையும் ‘கீழ்’. தெரிந்ததையே மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பாய், எந்த வேலையை உதவியாளரிடம் விடலாம் என்பதெல்லாம் அந்தப் பகுதியில் வரும். எங்கள் வார்டில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கூட இருக்கும் சொந்தக்காரர்கள்தான். எதுவானாலும் டியூட்டி டாக்டரிடம் சொல் என்பது எங்கள் முதல் பாடம். அந்தத் தேர்விலோ பல கேள்விகளில் அதுவே தவறான விடை. மூச்சுத் திணறுகிறதா, முதலில் தலைமாட்டை உயர்த்து, ஆக்சிஜன் வை, பிறகு கூப்பிடு. கட்டிலருகே என் கைகள் அதைத்தான் செய்கின்றன. கேள்வியைக் கண்டதும் மட்டும் விரல் ‘டாக்டரிடம் தெரிவி’ என்பதற்கே போகும். அங்கே தோற்றது என் பணிவு.

இன்னொன்றும் புரிந்தது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். அதனால் பாஸாகிறவருக்கும் ஏறத்தாழப் பாதி விடைகள் தப்பத்தான் செய்யும். தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானால் கம்ப்யூட்டர் நிறுத்திக்கொள்ளும். முதல் தடவை 85 கேள்வியிலேயே என்னைக் கீழே என்று முடிவு கட்டிவிட்டது. இரண்டாம் தடவை கடைசிக் கேள்வி வரை அதற்கே நிச்சயமில்லை. நான் அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறேன். அதுவரை எனக்கு இரண்டும் ஒரே ஃபெயில்.

‘மனம் தளராதே, விடாமல் முயற்சி செய்’ என்று எல்லோரும் சொன்னார்கள். என் முயற்சியில் குறையே இல்லை. வெட்கம்தான் என்னை அப்படி ஓட வைத்தது. வெட்கப்பட்டவர் ஓய மாட்டார், நின்று பார்க்கவும் மாட்டார். தோல்வியால் நான் இழந்தது பணமும் சில மாதங்களும். அதைப் பார்க்க மறுத்ததால்தான் ஒரே தோல்வியை மூன்று தடவை தோற்றேன்.

நான்காம் தடவை பாஸானேன். அதனால் வாழ்க்கை ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. அமெரிக்காவில் குடியேற வேண்டிய கிரீன் கார்டுக்கான வரிசை இந்தியர்களுக்கு பத்து வருஷத்துக்கும் மேல் நீள்கிறது. அதே வார்டில் அதே டிரெஸ்ஸிங் டிராலியைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பாட்டா ஒரு விரலை மட்டும் இழந்து, காலோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை நீட்டிலோ, சி.ஏ.விலோ, டி.என்.பி.எஸ்.சி.யிலோ திரும்பத் திரும்பத் தோற்றிருக்கலாம். ‘பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்’ என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மார்க் தாளை எடுத்து வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்து பாருங்கள். அந்தக் கட்டைத் தனியாகப் பிரிப்பது கஷ்டம்.