ஈரவாடையும் கேமராவும்

பெரும்பாலும் ஒத்திருக்கும் இரு பொருள்களுள் ஒன்றைத் தேரும் அறிவு எதைப் பற்றுக்கோடாகக் கொள்கிறது என்னும் வினாவை இந்தியத் தருக்க நூல்கள் 'ஐயம்' என்ற தலைப்பில் ஆராய்கின்றன. அந்தி மங்கலில் தொலைவில் நிற்பது கட்டையா மனிதனா என்று திகைக்கும் மனம், இரண்டுக்கும் பொதுவான உயரத்தையும் பருமனையும் கண்டுவிட்டது, ஆனால் இரண்டையும் பிரித்துக்காட்டும் சிறப்பியல்பை இன்னும் காணவில்லை, அதனால்தான் ஊசலாடுகிறது என்பது நியாய நூலார் தரும் விளக்கம். சற்று நெருங்கிச் சென்று கையையோ காலையோ கண்டால் ஐயம் நீங்கிவிடும். இவ்விளக்கம் கட்டைக்கும் மனிதனுக்கும் பொருந்துகிற அளவுக்கு, துறையூரிலிருந்து பேருந்தேறித் திருச்சிக்கு வந்து விலையுயர்ந்த காம்பாக்ட் கேமரா ஒன்றை வாங்க நினைப்பவரின் திகைப்புக்குப் பொருந்துவதில்லை. ஏனெனில் அவர் முன் எல்லாச் சிறப்பியல்புகளும் அட்டவணையாகவே விரிந்து கிடக்கின்றன, ஐயமோ அதற்குப் பிறகுதான் வலுக்கிறது.

காம்பாக்ட் என்பது லென்ஸைக் கழற்றி மாற்ற இயலாத, சட்டைப்பையிலோ தோள்பையிலோ அடங்கும் கேமரா. இவ்வகையில் உயர்ந்தவை எனப்படுவனவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3, பேட்டரியுடன் சேர்த்து ஏறத்தாழ 257 கிராம் எடையும் 28 மி.மீ. பார்வைக்கு ஈடான நிலைத்த லென்ஸும் உடையது. 2024-இல் வந்த ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100-6, ஏறத்தாழ 521 கிராம் எடையும் 35 மி.மீ.க்கு ஈடான நிலைத்த லென்ஸும் உடையது. 2019-இன் சோனி ஆர்எக்ஸ்100-7, 302 கிராம் எடைக்குள் 24 முதல் 200 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸை அடக்கியிருக்கிறது. லென்ஸ் எவ்வளவு அகலமான காட்சியை ஏற்கிறது என்பதை உணர்த்தும் அளவே இந்த மி.மீ. கணக்கு: எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் குறுகித் தொலைவு அண்மையாகும். முதலிரண்டில் ஒளியை வாங்கும் சென்சார் என்னும் தகடு ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; மூன்றாவதில் 13.2 × 8.8 மி.மீ. பரப்பில் மூன்றில் ஒரு பங்கே ஆகையால், அகல் விளக்கொளியில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகப் புழுதி படிவது அங்கே முன்னதாகத் தொடங்கும்.

மூன்றாவதன் சென்சாரைக் கடைக்காரரும் வாங்குபவரும் 'ஒரு அங்குல சென்சார்' என்றே அழைக்கின்றனர். ஆனால் அதன் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை, மூலைவிட்டம்கூட 16 மி.மீ.தான். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைக் கொண்டு இட்ட பெயர், குழாய் ஒழிந்த பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஏடு ஏடாக வாதிட்ட மீமாம்சகர்கள் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்களா, நொந்திருப்பார்களா என்று சொல்வதற்கில்லை.

எண்கள் என்ன செய்கின்றன என்பதை ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரத்தின் முன் நின்றால் காணலாம். 1987-இல் குடமுழுக்குக் கண்ட அக்கோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது ஏறத்தாழ 72 மீட்டர். கேமராவை நிறுத்திப் பிடித்து, அடியும் கலசமும் ஒரே சட்டத்துள் வர வேண்டுமானால், 28 மி.மீ. லென்ஸுடையவர் தோராயமாக 33 மீட்டர் பின்வாங்க வேண்டும், 35 மி.மீ. உடையவர் 50 மீட்டருக்கு மேல் செல்ல வேண்டும், கடைவீதி நெரிசலில் அவர் முதுகு யார் மீதாவது இடிக்கும். ஜூம் உடையவருக்கோ இருபது மீட்டரிலிருந்து நானூறு மீட்டர் வரை எங்கு நின்றாலும் கோபுரம் சட்டத்தை நிறைக்கும். ஆகவே முதல் இருவரின் கேமரா அவர்கள் நிற்க வேண்டிய இடத்தை அவர்களுக்குச் சொல்கிறது. மூன்றாமவரின் கேமரா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கேமராத் தேர்வு சமயத் தத்துவத்தின் எல்லைக்குள் நுழையும் இடம் இதுவே.

ஸ்ரீரங்கம் பின்பற்றும் பாஞ்சராத்திர ஆகமம் இறைவனுக்கு ஐந்து நிலைகளைக் கூறும்: வைகுந்தத்தில் உள்ள பரம், பாற்கடலில் உள்ள வியூகம், இராமன் கண்ணன் முதலிய விபவம், உயிருக்குள் உறையும் அந்தர்யாமி, கோயிலிலும் இல்லத்திலும் எழுந்தருளியிருக்கும் திருமேனியாகிய அர்ச்சை. இவற்றை ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் நீர்நிலைகளாக உருவகித்தார். தாகத்தால் தவிப்பவனுக்கு நிலத்தடி நீர் தோண்டாமல் கிட்டாது. பாற்கடல் எட்டாத் தொலைவு. பெருகி ஓடிய ஆறு முன்பே வடிந்துவிட்டது. அந்த ஆற்றில் தேங்கிய மடுவே அர்ச்சை. சித்திரையில் கொள்ளிடத்தைக் கண்ட எவருக்கும் இவ்வுருவகத்திற்கு உரை வேண்டியதில்லை. மணற்பரப்பு முழுதும் வறண்டு கிடக்க, எங்கோ ஒரு பள்ளத்தில் முழங்காலளவு நீர் நிற்கும். ஆற்றின் நீளமும் அகலமும் அதில் இல்லை, ஆனால் குடிக்க முடிவது அதைத்தான். எல்லையற்றது ஓர் இடத்தில், ஓர் அளவில், ஒரு முகத்தோடு தன்னைக் குறுக்கிக்கொள்வதைக் குறையாகக் கொள்ளாமல் அருளாகக் கொள்கிறது இக்கொள்கை.

நிலைத்த லென்ஸை விரும்புவோர் தம் விருப்பத்திற்குச் சொல்லும் காரணம், அவர்கள் அறியாமலே, இதற்கு மிக அருகில் வருகிறது. ஒரே கோணத்தை ஏற்றுக்கொண்டவர் எல்லாவற்றையும் எடுக்க முயல்வதை விட்டுவிட்டு, அக்கோணத்தில் வந்தமைவதைக் காணக் கற்கிறார் என்பர். ஆனால் இந்த ஒப்புமையை இங்கேயே நிறுத்திக்கொண்டால் அது அரைகுறை. அர்ச்சையின் பெருமை குறுகுவதில் மட்டும் இல்லை. அது சௌலப்பியம் எனப்படும் எளிவந்த தன்மையில், அதாவது நாடி வர இயலாதவரிடம் தானே வந்து சேர்வதில் இருக்கிறது. துறையூரை அடுத்த பெருமாள்மலையில் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திரளும் கூட்டத்துள் நெடிய படிவழியை ஏற முடியாத முழங்கால்காரர் பலர் உண்டு. அடிவாரத்தில் நின்று உச்சி விமானத்தை 200 மி.மீ. வழியே அண்மையில் காணும் முதியவருக்கு, ஜூம் அன்றோ சௌலப்பியம்? நடந்து நெருங்குவதே பக்தி என்று வாதிடுபவர், மலைக்கு வண்டிப்பாதையும் இருப்பதை மறந்துவிடுகிறார். இவ்விடத்தில் ஆகமம் எந்தக் கேமராவுக்கும் சான்று கூறாது என்று ஒப்புவதே நேர்மை.

கேமரா காண்பதைக் காட்சி எனலாமா என்பது அடுத்த சிக்கல். உயர்தரக் காம்பாக்ட்கள் அனைத்தும் 'ரா' எனப்படும் பக்குவப்படுத்தாத கோப்பைத் தரும். அதுவே கலப்பற்ற உண்மை என்று பலர் நம்புவர். இந்நம்பிக்கை, பெயரும் வகையும் கலவாத முதற்கணக் காட்சியாகிய நிருவிகற்பத்தில் பொருள் எந்தப் பண்பும் ஏற்றப்படாமல் வெறுமையாகத் தெரிகிறது என்னும் பழைய கருத்தை ஒத்தது. இராமாநுசர் ஸ்ரீபாஷ்யத்தில் இதை மறுத்தார்: முதற்கணத்திலும் பொருள் பண்போடுதான் தெரிகிறது, ஒரு பசுவை முதன்முறை காண்பவனுக்குப் 'பசு' என்னும் வகை பிற பசுக்களிலும் தொடர்வது மட்டுமே தெரியாதிருக்கிறது. ரா கோப்பும் அவர் பக்கமே சாய்கிறது. சென்சாரின் ஒவ்வொரு கண்ணும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வடிகட்டிகளுள் ஒன்றன் கீழிருந்து ஒளியின் அளவை மட்டும் பதிகிறது. மற்ற இரு நிறங்களை அண்டைக் கண்களிடமிருந்து கணித்தே பெற வேண்டும். வடிகட்டியின் பண்பை ஏற்காத பதிவு தொடக்கத்திலேயே இல்லை.

அதே கேமரா முகங்களைத் தேடிக் கட்டமிட்டுக் கூர்மைப்படுத்தும் திறனும் உடையது. வைகுண்ட ஏகாதசி விடியலுக்கு முன் ரத்தின அங்கியில் பரமபத வாசலைக் கடக்கும், ஸ்ரீரங்கத்தின் உற்சவராகிய (வீதியுலாத் திருமேனி) நம்பெருமாளின் திருமுகத்தில் அக்கட்டம் சில வேளை விழும், சில வேளை பக்கத்தில் நிற்பவர் முகத்திற்குத் தாவும். கட்டம் விழுந்தால் கேமரா இறைவனைக் கண்டது என்றோ, விழாவிட்டால் காணவில்லை என்றோ யாரும் கொள்வதில்லை. இரண்டு கண், ஒரு மூக்கு என்னும் பொதுவியல்பே அதற்குப் போதும். பெரிய பெருமாள் எனப்படும் மூலவரின் சந்நிதியில் படமெடுக்க இடமில்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. காட்சியைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை வேறெங்கோ வைத்திருக்கும் பழக்கம் நீதிமன்றம் வரை சென்றதன் அடையாளம் அது.

இரண்டுள் ஒன்றைத் தேர்வது பற்றி ஸ்ரீரங்கத்திற்கே உரிய வழக்கு ஒன்றுண்டு. 1323-இல் தில்லிப் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியர் முதலானோர் உற்சவரை எடுத்துக்கொண்டு வெளியேறினர். அந்த உற்சவர் 1371-இல் திரும்பி வந்தபோது, இடையில் எழுந்தருளச் செய்திருந்த வேறோர் உற்சவர் அங்கே இருந்தார். எவர் பழையவர் என்று அறியக் கண்ணால் கண்டவர் எவரும் எஞ்சவில்லை. கோயிலொழுகு கூறுவதன்படி, முன்பு பெருமாளின் ஈரவாடையைப் பிழிந்து வந்த கண்ணிழந்த முதிய வண்ணார் ஒருவர் அழைக்கப்பட்டார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்வித்து, உடுத்திய ஆடைகளின் நீரைத் தனித்தனியே அவருக்குக் கொடுத்தார்கள். ஒன்றைச் சுவைத்ததும் அவர் இவரே நம்பெருமாள் என்றார், அப்பெயரே நிலைத்தது. மூலவர் சுதைத் திருமேனி ஆகையால் அவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்புதான். உற்சவரின் ஆடையில்தான் நீர் உண்டு. அந்த நீரில் முதியவர் உணர்ந்தது உருவ ஒற்றுமையை அன்று. பல ஆண்டுகள் நாள்தோறும் கையாண்ட ஒன்றின் வாசனையை. மற்றவர் திருவரங்க மாளிகையார் என்னும் பெயருடன், வேள்விக்குரிய திருமேனியாகிய யாகபேரராக அக்கோயிலிலேயே இருக்கிறார்.